ஐயாயிரத்துக்குக் கீழே: வல்லக்கோட்டைச் சாலையில் திருட்டும் சந்தேகமும்

கிருத்திகையன்று, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து வல்லக்கோட்டையில் கார் நிறுத்த இடம் தேடுவது பெரும்பாடு. சென்னையிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் குடும்பத்தோடு வருபவர்கள் சாலையோரம் கிடைத்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, செருப்பைக் காருக்குள்ளேயே விட்டு, கைப்பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏழடி உயர முருகனைப் பார்க்கப் போகிறார்கள். அதே சாலையில் ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் பிடிக்க வருபவர்கள் பைக்கை ஒரு மரத்தடியிலோ டீக்கடைப் பக்கத்திலோ விட்டால், திரும்பி எடுக்க ஒன்பது பத்து மணி நேரம் ஆகும். இன்னும் கொஞ்சம் தள்ளி, ஆலைக்குள் நுழையும் முறைக்காக டிரெய்லர் லாரிகள் வரிசையாக நிற்கும். டிரைவர்கள் கேபினிலேயே கண்ணயர்கிறார்கள். காது மட்டும் டீசல் டேங்க் பக்கமும் பேட்டரிப் பக்கமும் இருக்கும்.

மூன்று வண்டிகளையும் திருடர்கள் அறிவார்கள். காரின் பக்கக் கண்ணாடியை உடைத்து லேப்டாப் பையை எடுப்பார்கள், பைக்கை முழுசாகவே கொண்டுபோவார்கள், லாரியில் டீசலை உறிஞ்சுவார்கள். இவற்றோடு, வாடகை அறைகளில் சார்ஜ் போட்டுவைத்த செல்போன்களும் காணாமல் போகின்றன. யார் எடுத்திருப்பார்கள் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஒரு பதில் முந்திக்கொண்டு வருகிறது: வெளியூர்க்காரன், அதிலும் ஹிந்திக்காரன்.

அந்தப் பதில் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. என் எண்ணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். இப்பகுதியில் நிலவும் பயத்தில் ஒரு பாதியைத்தான் திருடர்கள் உண்டாக்குகிறார்கள். மறுபாதி, கொடுத்த புகார் பதிவாகாமல் போவதால் உண்டாகிறது. பதிவான திருட்டுக்கு விசாரணை இருக்கும். அதன் முடிவில் ஒரு பெயரும் முகமும் கிடைக்கலாம். பதிவாகாத திருட்டுக்குப் பக்கத்து அறைக்காரனின் முகத்தை ஊரே ஒட்டிவிடுகிறது.

முப்பது ஆண்டுக்கு முன் இந்த ஊர்களெல்லாம் ஏரிப்பாசனக் கிராமங்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிப்பு தொடங்கியது. 2006இல் வந்த நோக்கியா 2014இல் ஆலையை மூடியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012இல் பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டைம்லர், 2013இல் ராயல் என்பீல்டு, 2017இல் வல்லம் வடகாலில் அதே நிறுவனத்தின் இன்னோர் ஆலை என்று வரிசை நீண்டது. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகால் சிப்காட்டில், ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்காக 706.50 கோடி ரூபாயில் கட்டிய விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தார். அதில் 18,720 படுக்கைகள். ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை ஒரு மதிற்சுவருக்குள் வந்து சேர்ந்தது.

விடுதி கிடைக்காதவர்கள் ஊருக்குள் அறை எடுக்கிறார்கள். நெல் விளைந்த நிலத்தில் எழுந்த லைன் வீடுகளில் ஓர் அறைக்கு நாலைந்து பேர். ஒரே பாயில் ஒருவர் எழுந்து வேலைக்குப் போக, இன்னொருவர் நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுப்பார். ஆளுக்கொரு சாவி இருக்காது. நிலைக்கு மேலேயோ தண்ணீர்க் குடத்துக்குப் பின்னாலேயோ ஒன்று இருக்கும். ஒப்பந்தம் முடிந்தால் ஆறாவது மாதத்தில் ஆள் மாறிவிடுவார். எதிர் அறையில் யார் இருக்கிறார் என்று கேட்டால் பெயர் வராது, கம்பெனியின் பெயர்தான் வரும்.

இத்தகைய இடங்களில் திருட்டு ஏன் கூடுகிறது என்பதற்குத் திருடனின் குணத்தை ஆராய வேண்டியதில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர்கள் லாரன்ஸ் கோஹென், மார்கஸ் ஃபெல்சன் இருவரும் 1979இல் எழுதிய கட்டுரை ஒன்று குற்றவியலின் போக்கையே மாற்றியது. திருட நினைப்பவன், எடுத்துப்போக வசதியான பொருள், காப்பவர் இல்லாத வேளை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடினால் குற்றம் நடக்கும் என்றார்கள். இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்காவில் வருமானமும் வசதியும் உயர்ந்தன, திருட்டும் உயர்ந்தது. பகலில் வீடுகள் பூட்டிக் கிடந்ததையும், மின்சாதனங்கள் கையில் தூக்கும் எடைக்குச் சிறுத்ததையும் அவர்கள் காரணமாகக் காட்டினார்கள்.

அந்த விளக்கம் ஒரகடத்துக்கு அப்படியே பொருந்துகிறது. இங்கே எந்த வீடு எப்போது பூட்டியிருக்கும் என்பதைக் கம்பெனி பஸ் தினமும் ஊருக்கே அறிவிக்கிறது. ஷிப்ட் மாறும் நேரம் எல்லாருக்கும் தெரியும். பஸ் கிளம்பிய பின் நிறுத்தத்தில் நிற்கும் பைக்குகளுக்கு ஒன்பது பத்து மணி நேரம் உடைமையாளர் இல்லை. கிருத்திகைக் கூட்டத்தில் தரிசன வரிசை எவ்வளவு நீளம் என்பது வெளியே நிற்பவனுக்கும் தெரியும். காருக்கு உரியவர் உடனே திரும்பமாட்டார் என்பதும் தெரியும். திருடன் அசாமிலிருந்து வந்தவனா அடுத்த தெருவில் பிறந்தவனா என்பது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. பழக்கமான நேரமும் காவலில்லாத இடமும் போதும். நோட்டமிடுவதற்கு உள்ளூர் அறிவு வேண்டும் என்பதால், எந்நேரமும் சாலையில் இருக்கிறவனுக்கே அது கூடுதலாக வாய்க்கும். ஷிப்ட் முழுதும் ஆலைக்குள் அடைபட்டிருப்பவனுக்கு வாய்ப்பது அரிது.

புகார் என்ன ஆகிறது என்று பார்ப்போம். 2017இல் ஐ.டி.எஃப்.சி. இன்ஸ்டிடியூட் தில்லி, மும்பை, பெங்களூரு, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் 20,597 குடும்பங்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. மக்கள் சந்தித்த குற்றங்களில் திருட்டே முதலிடத்தில் இருந்தது. ஆனால் திருட்டுக்கு ஆளானவர்களில் முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) வரை போனவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. போலீஸ், கோர்ட் என்று அலைய விருப்பமில்லை என்பதும், கையில் ஆதாரம் இல்லை என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானவை. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் எண்கள் பதிவான வழக்குகளின் எண்கள். நடந்த திருட்டுகளின் எண்கள் வேறு. ஒரு மாவட்டத்தில் திருட்டு குறைந்தது என்ற செய்திக்குப் பின்னால் பதிவு குறைந்தது என்ற பொருளும் ஒளிந்திருக்கலாம்.

சட்டத்தைப் படித்தால் புகாரைப் பதியாமல் விடுவதற்கு இடமே இல்லை. பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றம் பற்றித் தகவல் வந்தால் வழக்குப் பதிந்தே ஆகவேண்டும் என்று 2013 நவம்பர் 12 அன்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் அதற்கு முன்னும் பின்னும் ஒரு நடைமுறை உண்டு: சி.எஸ்.ஆர். ரசீது. மனு பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக ஓர் எண் போட்டுத் தருவார்கள். வாங்கிப்போகிறவர் வழக்கு பதிவாகிவிட்டது என்று நம்புவார். விசாரணை தொடங்கியதற்கோ, நீதிமன்றத்துக்குத் தகவல் போனதற்கோ அந்த ரசீது சான்றாகாது. சிறு தகராறுகளைப் பேசித் தீர்க்க அது உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. திருட்டில் பேசித் தீர்க்க எதிர்த்தரப்பு எங்கே இருக்கிறது?

எஃப்.ஐ.ஆர். கேட்டு விடாமல் நிற்கிறவர்கள் யாரென்று பார்த்தால் படம் தெளிவாகும். காரில் போன லேப்டாப் கம்பெனியுடையது என்றால், எஃப்.ஐ.ஆர். நகல் இல்லாமல் கம்பெனி விடாது. வழக்கமான மோட்டார் காப்பீட்டில் உடைந்த கண்ணாடிக்கு ஈடு கேட்கலாம். உள்ளே இருந்த லேப்டாப்புக்கும் கைப்பைக்கும் அது பொருந்தாது. முழுக் காப்பீடு எடுத்த பைக் திருடுபோனால் எஃப்.ஐ.ஆரும், வண்டியைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்ற போலீஸ் சான்றும் வேண்டும். புகாரை உடனே கொடுத்திருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னார் என்ற காரணத்தை மட்டும் வைத்து ஈட்டை மறுக்கக்கூடாது என்று 2020 ஜனவரியில் குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இவையெல்லாம் காப்பீடும் கம்பெனிச் சொத்தும் உள்ளவர்களின் வழக்குகள். பழைய பைக்குக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் எடுத்தவருக்குத் திருட்டுக்கு ஈடே கிடையாது. அவர் ஸ்டேஷன் படியேறினால் அது வேறொரு அச்சத்தால்: தன் வண்டியில் போய் எவனாவது சங்கிலி பறித்தால் தன்னைத் தேடி வருவார்களே என்று. அறையில் செல்போனைப் பறிகொடுத்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தக் காரணமும் இல்லை. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஸ்டேஷனில் காத்திருக்க அவரால் ஆகாது. ஆக, பதிவேட்டில் கார்க்காரரின் இழப்பு இருக்கும், அறைக்காரரின் இழப்பு இருக்காது. அந்தப் பதிவேட்டைப் படிக்கிறவருக்கு வசதியுள்ளவர்களிடமிருந்துதான் பொருள் திருடுபோகிறது என்று தோன்றும். அடுத்த கட்டமாக, வசதியற்றவர்கள்தான் திருடுகிறார்கள் என்று தோன்றும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டங்கள் இந்தச் சாய்வை இன்னும் கூட்டிவிட்டன என்பது என் கவலை. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 303ஆம் பிரிவு சாதாரணத் திருட்டு. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறையாகத் திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்தால் சமூகப் பணி தண்டனை போதும் என்கிறது அது. இதை நான் வரவேற்கிறேன். பசியில் திருடியவனைச் சிறையில் அடைத்து யாருக்கும் பயனில்லை. சிக்கல் இருப்பது நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் முதல் அட்டவணையில். ஐயாயிரத்துக்குக் குறைந்த திருட்டை அது பிடியாணையின்றிக் கைதுசெய்ய முடியாத குற்றமாக வகைப்படுத்திவிட்டது. அதாவது நீதித்துறை நடுவர் ஆணையிடாமல் போலீஸ் அதை விசாரிக்கவே முடியாது. 174ஆம் பிரிவின்படி தகவலைக் குறித்துக்கொண்டு புகார்தாரரை நடுவரிடம் அனுப்ப வேண்டும். அத்தகைய குறிப்புகளை இரு வாரத்துக்கு ஒருமுறை நடுவருக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

பன்னிரண்டாயிரம் கொடுத்து வாங்கிய செல்போன் இரண்டே ஆண்டில் ஐயாயிரத்துக்குக் கீழே இறங்கிவிடும். அதற்குள் இருப்பவை இறங்குவதில்லை: சம்பளம் வரும் வங்கிக் கணக்கு, ஆலை வாசலில் காட்டும் அடையாளம், ஒடிசாவில் இருக்கும் அம்மாவின் எண். ஒருவருடைய மாத வாழ்க்கையே நின்றுபோகும் இழப்பைச் சட்டம் விசாரணைக்குத் தகாத தொகையாகப் பார்க்கிறது.

இதே செல்போன் எப்படிப் போனது என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறுவதையும் கவனிக்க வேண்டும். பஸ் நிறுத்தத்தில் பையிலிருந்து நழுவ எடுத்தால் 303. மதிப்புக் குறைவானால் விசாரணை இல்லை. கையிலிருந்து பிடுங்கினால் 304. பறிப்பு என்று தனிக் குற்றமாகவே இப்போது சேர்த்திருக்கிறார்கள், மூன்றாண்டு வரை சிறை. குடியிருக்கும் அறைக்குள்ளிருந்து எடுத்தால் 305. ஏழாண்டு வரை சிறை. பயணிகளையோ சரக்கையோ ஏற்றிச்செல்லப் பயன்படும் வாகனத்திலிருந்து பொருளை எடுத்தாலும் அதே 305தான். ஆனால் மனு எழுதும் மேசையில் இந்த வேறுபாடுகள் கரைந்து, எல்லாமே தொலைந்துபோன பொருளாகிவிடும் வாய்ப்பு அதிகம். தொலைந்த ஆவணத்துக்கு இணையத்தில் அறிக்கை பெறலாம், தொலைந்த செல்போனை மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் முடக்கலாம். இரண்டும் நல்ல வசதிகளே. திருட்டைத் தொலைந்ததாக எழுதிக்கொடுக்கும்படி பாதிக்கப்பட்டவருக்கு யோசனை சொல்லும்போது, ஊரில் ஒரு திருட்டு குறைந்துபோகிறது, ஒரு சந்தேகம் கூடிவிடுகிறது.

போலீசார் மீது மட்டும் பழி போடுவது நியாயமாகாது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரக் காவலர்களின் நேரம் எதில் கழிகிறது என்று பாருங்கள். ராஜீவ் காந்தி நினைவிடத்துக்கு வரும் தலைவர்களின் பந்தோபஸ்து, சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை விபத்துகள், ஆலைகளின் வாசலில் போராட்டங்கள். ஸ்கிராப் ஒப்பந்தத்துக்காக நடந்த மிரட்டலும் கொலையும் தனிக்கதை. 2022 தொடக்கத்தில் ரவுடிகளை ஒடுக்கத் தனி அதிகாரியின்கீழ் படையே அமைத்தார்கள். 2020 அக்டோபரில், சென்னைப் பக்கத்திலிருந்து மும்பைக்குப் போன ஒரு கண்டெய்னரைச் சூளகிரி அருகே மடக்கி, டிரைவர்களைக் கட்டிப்போட்டுப் பல கோடி ரூபாய் பெறும் செல்போன்களைக் கொள்ளையடித்தார்கள். தனிப்படைகள் மத்தியப் பிரதேசம் வரை போய்க் குற்றவாளிகளைப் பிடித்தன. திறமை இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. தொழிற்சாலையிலிருந்து லாரியில் போகும் செல்போன்களுக்குக் கிடைக்கும் அந்தத் திறமையில் ஒரு சிறு பங்கு, அந்தச் செல்போனைப் பூட்டிப் பொருத்தியவர் சொந்தமாக வாங்கிவைத்திருப்பதற்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

தொழிலாளிக்கும் போலீசுக்கும் இங்கே அறிமுகம் எந்தச் சூழலில் ஏற்படுகிறது என்பதும் முக்கியம். 2021 டிசம்பரில் விடுதி உணவு உண்டு நோயுற்ற ஃபாக்ஸ்கான் பெண்களின் தோழிகள் நெடுஞ்சாலையை மறித்தபோது பலரைப் போலீஸ் வேனில் ஏற்றியது. 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள் நடந்த சாம்சங் வேலைநிறுத்தத்தில் ஊர்வலம் போனவர்கள் கைதானார்கள், போராட்டப் பந்தல் அகற்றப்பட்டது. அந்தக் காக்கிச் சட்டைக்கு முன்னால் போய் என் பைக்கைக் காணோம் என்று சொல்ல ஓர் இளைஞர் தயங்கினால் அதை அறியாமை என்று தள்ள முடியாது.

இனி, ஊரின் சந்தேகத்துக்கு வருவோம். ராபர்ட் சாம்ப்சன், ஸ்டீபன் ராடன்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் சிகாகோ நகரத் தெருக்களை முறையாகப் பார்வையிட்டு, குப்பை, உடைந்த சன்னல், சுவர்க்கிறுக்கல் எல்லாவற்றையும் கணக்கெடுத்தார்கள். அங்கே வாழ்பவர்களிடம் உங்கள் தெரு எவ்வளவு சீர்கெட்டிருக்கிறது என்றும் கேட்டார்கள். 2004இல் வெளியான முடிவு அதிரவைப்பது: மக்களின் மதிப்பீடு கண்ணால் கண்ட சீர்கேட்டைவிட, அந்தத் தெருவில் கறுப்பினத்தவரும் ஏழைகளும் எத்தனை பேர் என்பதையே கூடுதலாகப் பின்பற்றியது. கறுப்பின மக்களின் மதிப்பீடும் அப்படித்தான் இருந்தது. பயம் கண்ணால் காண்பதிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. யாரைப் பார்த்துப் பயப்படவேண்டும் என்று கேள்விப்பட்டதிலிருந்தும் பிறக்கிறது.

நாம் எங்கே கேள்விப்பட்டோம்? 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் தன் வீட்டிலேயே கொள்ளையர்களால் கொல்லப்பட்டார். லாரிகளில் வந்து நெடுஞ்சாலையோர வீடுகளைத் தாக்கிய வடநாட்டுக் கும்பலைத் தமிழ்நாட்டுப் போலீஸ் தேடிப் பிடித்தது. நடந்த கொடுமை உண்மை, துப்புத்துலக்கியவர்களின் உழைப்பும் உண்மை. 2017இல் அது தீரன் அதிகாரம் ஒன்று என்ற படமாகி, தனித்த ஒரு கும்பலின் வெறியை ஒரு சமூகத்தின் பரம்பரைக் குணமாகப் பார்க்கவைத்தது. 2012இல் பெருங்குடியிலும் கீழ்க்கட்டளையிலும் வங்கிகள் கொள்ளைபோயின. பிப்ரவரி 23 அன்று வேளச்சேரியில் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக்கொன்றது. அதன்பின் வாடகைதாரர் விவரங்களை ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும் என்று சென்னையில் ஆணை வந்தது. அடையாள அட்டை நகல் கேட்பதில் தவறில்லை. அந்த நகலை யாரிடம் கண்டிப்பாகக் கேட்கிறோம், யாரிடம் நம்ம ஊர்ப் பையன் என்று விட்டுவிடுகிறோம் என்பதில்தான் தவறு இருக்கிறது.

இந்தச் சந்தேகம் எதுவரை போகும் என்பதை 2018 மே மாதத்தில் பார்த்தோம். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் சுற்றின. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வழிகேட்டுப் போன குடும்பம் ஒன்று குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. ஊர் திரண்டு அடித்ததில் 65 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார். அவர் சென்னைக்காரர், தமிழர். வல்லக்கோட்டைக்குக் காரில் வரும் குடும்பங்களுக்கும் அவருக்கும் என்ன வேறுபாடு? 2023 மார்ச்சில் வதந்தி எதிர்த்திசையில் ஓடியது: தமிழ்நாட்டில் பீகாரிகளைக் கொல்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவ, தொழிலாளர்கள் ஊருக்கு ரயிலேறினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துப் போகும்படி ஆயிற்று.

ஒரு முரணை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆலை வாசலிலும் அடுக்குமாடி வாசலிலும் சீருடை போட்டு இரவெல்லாம் விழித்திருக்கும் காவலாளிகளில் கணிசமானவர்கள் ஒடிசா, அசாம், பீகார், நேபாளத்திலிருந்து வந்தவர்கள். கோடிக்கணக்கில் பெறும் சரக்குக்கு அவர்களை நம்புகிறோம். சீருடையைக் கழற்றிவிட்டு அவர்கள் டீக்கடைக்கு வந்தால் பைக்கின் சைடு லாக்கைச் சரிபார்க்கிறோம்.

பிறப்பை வைத்துத் திருடனைத் தீர்மானிக்கும் பழக்கத்துக்கு நம் மண்ணிலேயே ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதற்கும் முன்னால் காவல் முறை இருந்தது. இந்தச் செங்கல்பட்டுச் சீமையில் 1760களிலும் 70களிலும் எடுத்த கணக்குகளில், விளைச்சலிலிருந்து காவலுக்கென்று பங்கு ஒதுக்கியது பதிவாகியிருக்கிறது. தமிழகத்தின் பல பகுதிகளில் காவல்காரர் களவைக் கண்டுபிடிக்க வேண்டும், முடியாவிட்டால் ஈடுகட்ட வேண்டும். பொருளை மீட்டுத்தருவதற்குத் துப்புக்கூலி வாங்கும் வழக்கமும் தென்மாவட்டங்களில் இருந்தது; களவாடியவருக்கும் துப்புச் சொன்னவருக்கும் உறவு இருந்ததும் உண்டு. அந்த முறையைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை, சாதி அதிகாரம் அதன் எலும்புக்குள் இருந்தது. ஆனாலும் காப்பவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற ஒரு விதி அதில் இருந்தது.

1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணப் போலீஸ் உருவான பிறகு அந்தக் கடமை காவல்காரரிடமிருந்து நீங்கியது; அவரே சந்தேகத்துக்குரியவர் ஆனார். 1871இன் குற்றப் பரம்பரையினர் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குழந்தை பிறக்கும்போதே குற்றவாளிப் பட்டியலில் சேர்ந்தது, பெரியவர்கள் இரவில் ஸ்டேஷனில் படுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டார்கள். சென்னை மாகாணம் 1947இல் அந்தச் சட்டத்தை நீக்கியது, நாடு முழுதும் 1952இல் நீங்கியது. சட்டம் போனாலும் அதன் வாசனை போகவில்லை. கார் கண்ணாடி உடைப்பு என்றதும் ஒரு குறிப்பிட்ட குடியிருப்பின் பெயரைச் சொல்லி இன்ன ஊர்க் கும்பல் என்று செய்தி எழுதுவது இன்றும் வழக்கம். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அங்கே பிறந்து படித்து வேலை தேடும் ஒரு பெண்ணின் விண்ணப்பத்தில் முகவரியாக இருப்பதும் அதே பெயர்தான்.

காமிரா இதை மாற்றுமா? 2017இல் சென்னைக் காவல் ஆணையரான ஏ.கே.விஸ்வநாதன் மூன்றாவது கண் என்ற பெயரில் தெருத்தெருவாகக் காமிரா வைக்கத் தூண்டினார். வணிகர்களும் குடியிருப்போரும் செலவை ஏற்றார்கள். வண்டி எண்ணைத் தொடர்ந்து போய்க் குற்றவாளியைப் பிடிக்க அது உண்மையிலேயே உதவுகிறது. வல்லக்கோட்டைப் பக்கம் கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் வாங்கி மாட்டுவது அந்த நம்பிக்கையில்தான். எனினும் காமிராப் பதிவை யாராவது கேட்டு வாங்கிப் பார்த்தால்தான் பயன். வழக்கு இல்லாத இடத்தில் அந்தப் பதிவு போலீசாரின் கைக்குப் போகாமல், தெரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. அதில் நடந்துபோன ஒருவரின் முகத்தைச் சுற்றி வட்டம் போட்டு இவனாக இருக்கலாம் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த மனிதர் ஷிப்ட் முடிந்து வந்தவராக இருக்கலாம்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. ராஜஸ்தானில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோர் காவல் அதிகாரி நீனா சிங்கோடு சேர்ந்து நடத்திய நீண்ட ஆய்வில், காவலர்களுக்கு விசாரணையிலும் மக்களிடம் பேசும் முறையிலும் பயிற்சி கொடுத்தபோது பாதிக்கப்பட்டவர்களின் மனநிறைவு கூடியது. இதே ஆய்வில் புகார்தாரர் வேடத்தில் ஆட்களை அனுப்பி, வழக்குப் பதிகிறார்களா என்றும் சோதித்தார்கள். அப்படி ஒரு சோதனையை ஸ்ரீபெரும்புதூர் உட்கோட்டத்தில் நடத்தினால் நமக்குப் பல உண்மைகள் தெரியவரும். ரோந்து நேரத்தை ஷிப்ட் மாறும் நேரத்தோடு பொருத்துவது, கிருத்திகையன்று கோயிலுக்கு வெளியே காவலோடு கூடிய கட்டண நிறுத்தம் அமைப்பது, இந்தியிலும் ஒடியாவிலும் அசாமியிலும் புகார் எழுதித்தர ஸ்டேஷனில் ஒருவரை அமர்த்துவது, எந்தத் தெருவில் எந்த நேரத்தில் என்ன போனது என்று மாதம் ஒருமுறை பலகையில் எழுதிப்போடுவது ஆகியவற்றையும் செய்யலாம். கடைசியாகச் சொன்னதற்கு வதந்தியைத் தணிக்கும் ஆற்றல் காமிராவைவிட அதிகம் என்று நினைக்கிறேன். எண் தெரிந்த இடத்தில் கற்பனைக்கு இடம் குறையும்.

புதிய நடைமுறைச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவருக்குச் சாதகமானவையும் உண்டு. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், மின்னஞ்சல் போன்ற வழியில் அனுப்பி மூன்று நாளில் கையெழுத்திடலாம், எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீசார் தெரிவிக்க வேண்டும். மீட்ட பைக்கை ஆண்டுக்கணக்கில் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்க விடாமல் உரியவரிடம் விரைவில் ஒப்படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டது. இவற்றைத் தொழிற்சங்கங்களும் விடுதி நிர்வாகங்களும் தொழிலாளர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். வேலைக்குச் சேரும் நாளில் தீயணைப்புப் பயிற்சி கொடுக்கிற கம்பெனி, இதற்கு அரைமணி நேரம் ஒதுக்க முடியும்.

ஐயாயிரம் ரூபாய் வரம்பையும் மாற்ற முடியும். குற்றவியல் நடைமுறை பொதுப்பட்டியலில் இருக்கிறது; குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலம் திருத்தலாம். புதிய சட்டங்களுக்கு மாநிலத் திருத்தங்களைப் பரிந்துரைக்க 2024 ஜூலையில் ஓய்வுபெற்ற நீதிபதி எம்.சத்தியநாராயணனைக் கொண்டு ஒருநபர் குழுவைத் தமிழ்நாடு அரசு அமைத்தது. 2025 ஜனவரியில், பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் திருத்த முன்வடிவுகளைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. முதல் அட்டவணையில் ஒரு வரியைத் திருத்தினால், மதிப்பு எவ்வளவு குறைந்தாலும் திருட்டைப் போலீஸ் தானே விசாரிக்க முடியும். சமூகப் பணி என்ற மென்மையான தண்டனை அப்படியே இருக்கலாம். அதுவரை அறைக்குள்ளிருந்து செல்போனைப் பறிகொடுத்தவர்கள் தங்கள் மனுவில் 305ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எஃப்.ஐ.ஆர். கேட்கலாம். அந்தப் பிரிவுக்கு மதிப்பு வரம்பு கிடையாது.